நத்தைக்கல்லின் வயது

ஜனவரி 12, ஞாயிறு

இன்று நான் கண்டெடுத்த பொருளால் நிலவியல் பாடப்புத்தகங்களில் ஒரு பக்கத்தையாவது கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அடக்கமாக எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். வரமாட்டேன் என்கிறது.

நாளைக்கே இந்த டைரி ஏதாவது அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அதனால் விவரமாகவே எழுதிவைக்கிறேன். என் பெயர் மங்கையர்க்கரசி. கல்லூரியில் நிலவியல் பாடம் எடுக்கிறேன். இடம் வெள்ளேரி ஓடையின் வடகரை. அரியலூரிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். கூட வந்தவர் என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு, பல் டாக்டர். பல் டாக்டராகப் போகிற பிள்ளைக்கு நாவைச் சேர்த்துப் பெயர் வைத்த என் மாமனாரின் தீர்க்கதரிசனத்தை என்னவென்று சொல்வது. இவர் கருவேல மர நிழலில் காரை நிறுத்திவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஓடைக்கரையில் மூன்று படிவுகள் அடுக்கு குலையாமல் தெரியும். அடியில் சாம்பல் களி. அது பழைய கடலின் தரை. சுருள் சுருளாக நத்தைக்கற்கள் அதில் கொட்டிக் கிடக்கும். நாங்கள் அம்மோனைட் என்போம், ஊரில் நத்தைக்கல் என்பார்கள். அதற்கு மேல் சிவப்பு மணல். கடல் பின்வாங்கிய பிறகு ஆறு கொண்டுவந்து போட்டது. டைனோசர் எலும்பு கிடைப்பது அதில்தான். அதற்கும் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. கடல் திரும்பி வந்தபோது படிந்தது. அடியில் இருப்பவர் மூத்தவர், மேலே இருப்பவர் இளையவர். எத்தனை கோடி வருடம் என்பதெல்லாம் அப்புறம். யார் அண்ணன், யார் தம்பி என்பதுதான் முதல் கேள்வி.

வெள்ளைச் சுண்ணாம்பு படியத் தொடங்கியபோது உலகத்தில் டைனோசரும் இல்லை, அம்மோனைட்டும் இல்லை. இரண்டும் ஒரே அழிவில் போய்ச் சேர்ந்தன. அந்தச் சுண்ணாம்புக்குள்ளிருந்துதான் நான் இன்று ஒரு அம்மோனைட்டை உளி வைத்து எடுத்தேன். கீழே உதிர்ந்து கிடந்ததை எடுக்கவில்லை. பாறைக்குள் இறுகப் பதிந்திருந்தது. எடுப்பதற்கு முன்னால் படம் எடுத்து, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு, எல்லாம் முறைப்படி செய்தேன். அப்படியானால் என்ன அர்த்தம்? உலகமே செத்துவிட்டது என்று சொன்ன பிறகும் இங்கே நம்மூர்க் கடலில் இதுகள் பிழைத்துக் கிடந்திருக்கின்றன.

காருக்கு ஓடிவந்து இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்துவிட்டு, வேர்த்து ஊத்துதே, தண்ணி குடி என்றார். மனுஷனுக்குக் கண்ணில் படுவது இதுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கும் நேரம் நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பெல்லாம் பால்.

ஜனவரி 17, வெள்ளி

லீவு முழுவதும் கிளினிக்கில்தான். பல் கறை சுரண்டும் கருவியைப்போல் கல்லைச் சுத்தம் செய்ய வேறொன்றும் கிடையாது. இவர் பழைய செட் ஒன்றை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். காலையில் வந்த ஒரு அம்மாள், பல் நாற்காலியை ஒட்டிய மேசையில் நான் வைத்திருந்த கல்லைப் பார்த்துவிட்டு, யார் வாயிலிருந்து எடுத்தீங்க என்று கேட்டாராம். நர்ஸ் ரெஜினா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கல் என் உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் அப்பழுக்கில்லை. சுருள் ஒவ்வொன்றையும் எண்ணலாம். இன்னொரு ஓரம் கொஞ்சம் முறிந்திருக்கிறது. அந்த முறிவின் மேல் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டு கல்லாகியிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்துக்கு நல்ல பக்கம்தான் எடுப்பு. அதையே நாலு கோணத்தில் எடுத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

வாசனுக்குப் போன் செய்தேன்.

கோகுலவாசன் என் எம்.எஸ்ஸி. வகுப்புத் தோழர். இப்போது வடக்கே பெரிய நிறுவனத்தில் பேராசிரியர். தொலைக்காட்சியில் டைனோசர் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த அரியலூர்ப் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளுக்கு மண் பொறுக்கிக் கொடுத்தது நான். வெயிலில் காய்ந்தது நான், மூட்டை கட்டி ரயிலில் ஏற்றியது நான். கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில், மாதிரி சேகரிக்க உதவியவருக்கு நன்றி. ஒரு கட்டுரையில் அதுவும் இல்லை. எனக்குக் கோபம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். டைரியில் எதற்குப் பொய்? இருக்கிறது, நிறைய இருக்கிறது.

படங்களை அனுப்பிய பிறகு அவரே கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. கல்லூரியில் பிப்ரவரி 21 அன்று நடக்கிற கருத்தரங்குக்கு அவர்தான் தலைமை. அங்கேயே அறிவித்துவிடலாம், இருவர் பெயரிலும் கட்டுரை போடலாம் என்றார். அதுவரை யாரிடமும் வாய் திறக்காதே என்றும் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்வது என் வீட்டுக்காரர் தொழில் என்று நான் சொன்னதற்கு இருவரும் சிரித்தோம்.

ஜனவரி 23, வியாழன்

முதலாமாண்டு வகுப்பு. பாறைகளின் மூப்பு இளமை பற்றிய பாடம். இதை நான் தூக்கத்தில்கூட நடத்துவேன். அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற பிளவு, அடுக்கைவிட இளையது. வெட்டுவதற்கு அது முதலில் இருந்தாக வேண்டுமல்லவா. ஒரு பாறைக்குள் கூழாங்கல் சிக்கியிருந்தால், கூழாங்கல் மூத்தது, பாறை இளையது. பொங்கலுக்கு முன்னாலேயே முந்திரி இருந்தாக வேண்டும். வகுப்பு சிரித்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, கூழாங்கல் மாதிரி ஃபாஸிலும் பழைய பாறையிலிருந்து உருண்டு வந்து புதுப் பாறையில் மாட்டிக்கொள்ளுமா மேம் என்று கேட்டாள். நல்ல கேள்வி, அடுத்த யூனிட்டில் வரும் என்றேன். அடுத்த யூனிட் எரிமலை. போகட்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

மறுபடி ஓடைக்குப் போனோம். இவர் இப்போதெல்லாம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிளினிக்கைப் பூட்டிவிடுகிறார். நோயாளிகள் குறைந்துவிட்டார்களாம். சனிக்கிழமைதான் கூட்டம் அலைமோதும் என்று ரெஜினா போன மாதம்தான் அலுத்துக்கொண்டாள். என்ன கணக்கோ.

கல் எடுத்த குழியை இவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"இது இந்த இடத்துலதான் செத்துச்சா மங்கை? இல்ல, செத்துக் கல்லான பொறவு இங்க வந்து சேந்துச்சா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதிந்திருந்ததை நானே உளி வைத்து எடுத்தேன், படமே இருக்கிறது என்றேன். அதற்கு இவர் ஒரு கதை சொன்னார். போன வருடம் ஒரு பாட்டியம்மா பல் செட் ஆடுகிறது என்று வந்தாராம். பார்த்தால் முப்பது வருடப் பழைய வேலைப்பாடு. பாட்டிக்குப் பல் போனதோ நாலு வருடம் முன்னால்தான். விசாரித்தால், செட் செத்துப்போன அக்காவுடையது. வீணாகப் போக வேண்டாமே என்று எடுத்து மாட்டிக்கொண்டாராம்.

"வாய்க்குள்ளதான் இருந்துச்சு, கெட்டியாவும் இருந்துச்சு. அதுக்காக அது அந்த வாயோட பல்லாயிடுமா?"

திரும்பி வரும்போது சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பல்லைப் பார்க்கிறவர் பல்லைப் பார்க்க வேண்டும், பாறையை விட்டுவிட வேண்டும்.

ஜனவரி 29, புதன்

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் இவர். சரி என்றேன். படத்தில் வெறும் வெள்ளை. பல்லுக்கு அடிக்கிற கதிர் கல்லுக்குள் எங்கே போகும். எனக்கு எதிராக எதுவும் தெரியவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

தெரிய வேண்டுமென்றால் ஒரே வழிதான். எனக்கு அது தெரியாமல் இல்லை. அம்மோனைட் செத்துக் கடல் தரையில் விழுந்ததும் அதன் ஓட்டு அறைகளுக்குள் அந்த இடத்துச் சேறு புகுந்து நிரம்பும். கல்லை இரண்டாக அறுத்தால் உள்ளே இருக்கிற சேறு தெரியும். உள்ளேயும் வெள்ளைச் சுண்ணாம்பு, வெளியேயும் வெள்ளைச் சுண்ணாம்பு என்றால் அது அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தது. உள்ளே வேறு சேறு என்றால் வேறெங்கோ செத்து, கல்லாகி, பிறகு அலை உருட்டிக்கொண்டு வந்து போட்டது. இவரிடம் வைரத் தகடு இருக்கிறது. அறுக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டார். உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான், ரம்பத்தைக் கிட்டே கொண்டுவந்தால் பார் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வாசனும் அறுக்கக் கூடாது என்கிறார். முழுசாக இருந்தால்தான் மதிப்பாம். பெரியவர்கள் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி.

பிப்ரவரி 3, திங்கள்

கல்லூரி வாசலில் பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். ‘அழிவைக் கடந்து வாழ்ந்த அம்மோனைட்: அரியலூர் தரும் அதிர்ச்சி’. தலைப்பு முதல்வருடையது. என் படம் நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

வாசன் வந்தார். நரை தெரியாமல் சாயம் போட்டிருக்கிறார், நன்றாகப் பொருந்துகிறது. ஒரே ஊரில் படித்த நாட்களைப் பேசினோம். நான் அவியல் செய்திருந்தேன். இவர் பரிமாறிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். வந்த விருந்தாளியிடம் இரண்டு வார்த்தை பேசினால் முத்தா உதிரும்?

கல்லை எடுத்து வாசன் கையில் கொடுத்தேன். அவர் பார்க்கிற விதமே தனி. படிக்கிற காலத்தில் எங்கள் சார் மேசையில் ஐம்பது துண்டுகளைப் பரப்பி வைத்து, இதில் எது போலி என்று கேட்டபோது நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டியவர். சுருளைத் தடவினார், திருப்பினார். முறிந்த ஓரம் மேலே வந்தது. சன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மறுபடி நல்ல பக்கத்துக்குத் திருப்பி, படம் இந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார்.

புறப்படும்போது அவர் சொன்னதை இங்கே எழுதி அடிக்கோடு போடுகிறேன்.

"யோசிச்சுப் பாத்தேன் மங்கை. இது முழுக்க உன் கண்டுபிடிப்பு. என் பேரு எதுக்கு? கட்டுரையில உன் பேரு மட்டும் இருக்கட்டும். நான் மேடையில அறிமுகம் பண்ணி வைக்கிறேன், அது போதும்."

என் பெயர் மட்டும்! மனிதர்கள் மாறுகிறார்கள். நான்தான் இத்தனை வருடம் வஞ்சம் வைத்துக்கொண்டிருந்தேன்.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். பொறாமை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்லை வைக்கக் கண்ணாடி அலமாரி வந்தது. அதில் திருப்பி வைத்தேன். முறிந்த ஓரம் சுவர்ப்பக்கம். வெளிச்சத்துக்கு அதுதான் சரி.

பிப்ரவரி 13, வியாழன்

கட்டுரைச் சுருக்கம் நாளைக்குள் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதிவிட்டேன், ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. ‘இந்தத் தொல்லுயிர் பழைய படிவிலிருந்து உருண்டு வந்து சேர்ந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை.’ இதை எழுதாமல் எந்த இதழும் கட்டுரையைத் தொடாது. மதியம் உட்கார்ந்தவள், விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியத்தை மட்டும் விரல் தட்டச்சு செய்ய மறுக்கிறது. என் விரலுக்கு என்ன கேடு?

சரி, எழுதிவிடுகிறேன். கட்டுரையில் எழுத முடியாததை இங்கேயாவது.

அந்தச் சிப்பி. சிப்பி உயிரோடு இருந்தபோது எதன் மேல் ஒட்டியதோ, அது சிப்பிக்கு மூத்தது. இந்தச் சிப்பி ஓட்டின் மேல் ஒட்டவில்லை, முறிந்த முகத்தின் மேல் ஒட்டியிருக்கிறது. அதாவது சிப்பி வந்து உட்கார்ந்தபோதே அம்மோனைட் கல்லாகி, உடைந்தும் போய்க் கடல் தரையில் கிடந்திருக்கிறது. உயிரோடு இருந்த பிராணியின் உள்முறிவில் சிப்பி எப்படி ஒட்டும்? முதலாமாண்டுப் பெண்ணுக்குத் தெரிகிற விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்திருக்கிறேன், அதுவும் என் தட்டிலேயே.

ஆனாலும் ஒரு சிப்பிதானே. முறிவு வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். வாசன் பார்த்தாரே. அந்தக் கண்ணுக்குத் தப்பாதே. அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

பிப்ரவரி 15, சனி

காலையில் வாசனைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அன்னைக்கு அந்த முறிஞ்ச ஓரத்தைப் பாத்தீங்கல்ல?"

"எந்த ஓரம்?"

"சிப்பி ஒட்டியிருக்கே, அது."

"கவனிக்கலியேம்மா. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, நீ தைரியமாப் பேசு."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். கண் தெரியாதவர் கவனிக்கவில்லை என்றால் நம்பலாம். சன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் கவனிக்கவில்லையாம். அவர் ஏன் தன் பெயரை எடுத்துவிட்டார் என்பது அடுப்படியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தில் ஒருவன் எழுந்து கேட்டால் மாட்டிக்கொள்வது நான். ஒருவரும் கேட்காவிட்டால், அரியலூர் அம்மாளை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் அவர். இரண்டு பக்கமும் அவருக்கு லாபம். நானோ அவியல் செய்து போட்டிருக்கிறேன்.

ஆத்திரத்தில் ஒரு டம்ளரை உடைத்தேன். இவர் வந்து சில்லைக் கூட்டினார்.

"நாளைக்கு அறுத்துடலாங்க" என்றேன்.

"ரெஜினாவ வரச் சொல்றேன், தண்ணி ஊத்த ஆளு வேணும்" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கிளினிக்கில், பகல் வெளிச்சத்தில். கல்லைப் பல் நாற்காலியின் மேசையில் பஞ்சு வைத்து இருத்தினோம். வைரத் தகடு ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். ஒரே மூச்சில் அறுக்க முடியாது. சுற்றிவரக் கோடு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தினார். ரெஜினா தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள். இவர் கையைப் பார்த்தேன். நோயாளி வாயில் எப்படி வேலை செய்கிறாரோ, அதே கை. நடுங்கவே இல்லை. தகடு போகிற ஆழம் போன பிறகு, உளியை என்னிடம் நீட்டினார். நீயே தட்டு என்றார்.

ஒரே தட்டு. இரண்டாகப் பிளந்தது.

வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு, மணல் மணலாக. உள்ளே ஒவ்வொரு அறையிலும் பச்சை. வழுவழுப்பான, நைசான பச்சைச் சேறு. ஒரு அறையில்கூட வெள்ளை இல்லை.

அவ்வளவுதான், முடிந்தது. என் அம்மோனைட் அந்தக் கடலில் வாழவே இல்லை. செத்துக் கல்லாகி உடைந்த பிறகு, அலை அதைத் தோண்டியெடுத்து உருட்டி வந்து போட்டிருக்கிறது. நான் அதைத் தூக்கிக்கொண்டு ஊரைக் கூட்டியிருக்கிறேன். நோயாளிகள் உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். இவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வாய் கொப்பளிக்கிற டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்.

ரெஜினாவுக்கு நான் எதற்கு அழுகிறேன் என்று விளங்கவில்லை. "உள்ள பச்சையா நல்லாத்தானே மேடம் இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

வாசனிடம் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே சந்தேகந்தான்" என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன். நீயே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாராம். எந்த ஓரம் என்று கேட்ட வாய் இது.

வெள்ளிக்கிழமை மேடையில் நீ ஏற வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு, உன் நேரத்தையும் சேர்த்து நான் பேசிச் சமாளித்துவிடுகிறேன் என்றார். நல்ல மனசு. முதல்வரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பிளக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேசுவீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் நாளை மறுநாள் சொல்லுங்கள் என்றார்.

பேசுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இந்த டைரியில் நான் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 19, புதன்

தெரிந்துவிட்டது. பேசுகிறேன்.

நேற்றுப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அழுகையில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. உருண்டு வந்ததென்றால் எங்கிருந்து உருண்டது? அம்மோனைட் இருப்பது அடியில் உள்ள சாம்பல் களியில். அங்கிருந்து வந்திருந்தால் உள்ளே சாம்பல் களி இருக்க வேண்டும். இது பச்சை. நடுவில் உள்ள சிவப்பு மணலோ ஆற்று மணல், அதில் கடல் பிராணிக்கு வேலையே இல்லை. அப்படியானால் இந்தப் பச்சை யாருடைய பிள்ளை?

சோப்பு நுரைக் கையோடு கல்லை எடுத்தேன். பாதிக் கல்லின் ஒரு அறையிலிருந்து கொஞ்சம் சேற்றைச் சுரண்டிக் கழுவி, இன்று கல்லூரி நுண்ணோக்கியில் வைத்தேன். சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஓடுகள் இருக்கும், என் பிஎச்.டி. அதில்தான். சாம்பல் களியின் ஓடுகளை எனக்கு முகம் முகமாகத் தெரியும். அவற்றில் ஒன்றுகூட இங்கே இல்லை. இருப்பவை எல்லாம் பிந்திய காலத்து முகங்கள்; மற்ற நாடுகளில் அழிவுக்குச் சற்று முந்திய படிவுகளில் மட்டும் கிடைப்பவை. சிவப்பு மணல் அதற்கும் முன்னால் படிந்தது. வெள்ளைச் சுண்ணாம்பின் ஓடுகளும் இல்லை. மூன்று முறை வேறு வேறு அறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதேதான்.

சிவப்பு மணலுக்கு இளையது, வெள்ளைச் சுண்ணாம்புக்கு மூத்தது. நடுவில் ஒரு பச்சைப் படிவு இருந்திருக்கிறது. கடல் ஒரு முறை இங்கே வந்து, சேறு போட்டு, அதில் அம்மோனைட்டுகள் வாழ்ந்து செத்திருக்கின்றன. அடுத்து வந்த கடல் அதை முழுக்க அரித்துக் கொண்டுபோய்விட்டது. ஓடைக்கரையில் சிவப்புக்கு மேல் நேரே வெள்ளை உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சந்திக்கிற கோட்டை நான் எத்தனை தடவை கையால் தடவியிருப்பேன்! ஒரு காலமே அந்தக் கோட்டில் காணாமல் போயிருக்கிறது.

சாயங்காலம் கிளினிக்குக்கே போய் இவரிடம் சொன்னேன். நோயாளி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இவர் முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். சனிக்கிழமை ஓடைக்குப் போகணும்ல, நாளைக்கே பெட்ரோல் போட்டுர்றேன் என்றார். சனிக்கிழமை கூட்டம் இருக்குமே என்றேன். இருக்கட்டும் என்றார். இந்த மனிதருக்கு என்றைக்கும் நோயாளிகள் குறையவில்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. டிபனுக்கு அவருக்குப் பிடித்த அடை செய்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

அரங்கம் நிறைந்திருந்தது. பிளக்ஸ் போட்ட தலைப்புக்குத்தான் கூட்டம். இவர் மூன்றாவது வரிசை ஓரத்தில். வாசன் மேடையில் நடுநாற்காலியில். என்னை அறிமுகம் செய்யும்போது, ஆர்வமுள்ள உள்ளூர் சேகரிப்பாளர், ஒரு சின்னத் தவறைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்ள வந்திருக்கிறார், கைதட்டி ஊக்கப்படுத்துங்கள் என்றார். தட்டினார்கள்.

நான் முதல் படத்தையே முறிந்த ஓரத்தோடு போட்டேன். சிப்பியைக் காட்டினேன். இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு மாதம் இருந்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கூச்சமே இல்லை. அது எனக்கே ஆச்சரியம். பிறகு அறுத்த கல். பிறகு பச்சைச் சேறு. நுண்ணிய ஓடுகள் வரிசையாக. சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு படிவு இருந்து அழிந்திருக்கிறது என்று சொல்லி நிறுத்தினேன்.

முதல் கேள்வி வாசனுடையது. ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் முகம் இறுகியிருந்தது. இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதியவர் அவர். அவர் வரைந்த அடுக்கு வரைபடத்தில் அந்தப் பச்சை கிடையாது.

"ஒரு கைப்பிடி சேத்தை வெச்சு ஒரு படிவே இருந்துச்சுங்கிறது பெரிய பேச்சு. அந்தப் படிவு எங்க இருக்கு? எந்தக் கரையில? இது சாம்பல் களியே நெறம் மாறினதா இருக்கக் கூடாதா? இல்லேன்னு எப்படி உறுதியாச் சொல்ற?"

அரங்கம் என்னைப் பார்த்தது. அவர் நாற்காலிக்குப் போய், பாதிக் கல்லை அவர் கையில் வைத்தேன்.

"கரையில எங்கயும் இல்ல. கடல் கொண்டுபோயிடுச்சு. மிச்சம் இருக்கிறது உங்க கையில இருக்கிறதுதான். நெறம் மாறினதான்னு கேக்கறீங்க. நீங்க எழுதின எல்லாத்துக்கும் மண்ணு பொறுக்கினது நான். இந்த ஊர்ல எனக்குத் தெரியாத மண்ணு கிடையாது, வாசன். இது எனக்குத் தெரியாத மண்ணு."

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை திருப்பி வைக்கவில்லை. நான் பேசிய இடத்துக்குத் திரும்பி வந்து, அடுத்து யார் கேட்கிறீர்கள் என்றேன்.